பெட்டிக் கட்டிலை ஏன் விற்றார்கள்?

எட்ட நின்று பார்த்தால் பீரோ. கதவைத் தள்ளித் திறந்தால் கட்டில். பிரான்ஸின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரெத்தானித் தீபகற்பத்தின் கிராமத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது இந்தப் பெட்டிக் கட்டில். நான்கு பக்கமும் பலகை, மேலேயும் பலகை, உள்ளே ஓட்ஸ் உமி அடைத்த மெத்தை. ஏறிப் படுக்க வசதியாக முன்னால் ஒரு நீளப் பெட்டி. அதற்குள் துணிமணி, பகலில் அதுவே பெஞ்சு. மண்தரை போட்ட ஒற்றை அறை வீட்டில் ஒரு கோடியில் கணப்பு, பல வீடுகளில் மறு கோடியில் மாடு, இடையில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரு முழுக் குடும்பம். அங்கே குளிருக்கு மறைப்பும் கணவன் மனைவிக்குத் தனிமையும் தந்தது இந்தக் கதவு ஒன்றுதான். இன்று பிரெத்தானியின் உள்ளூர் அருங்காட்சியகங்களில் கட்டாயம் கண்ணில் படும் பொருள் இது. வருகிறவர்கள் கதவில் செதுக்கிய வேலைப்பாட்டை வியக்கிறார்கள். வியப்பது சரியே. ஆனால் இதில் படுத்துறங்கிய குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டில் இதைப் பழம்பொருள் வியாபாரிகளிடம் விற்றன. சில வீடுகளில் இது புத்தக அலமாரியாகவும் தொலைக்காட்சி வைக்கும் அலமாரியாகவும் உருமாறியது. வேலைப்பாட்டைச் சொல்லும் அருங்காட்சியகம் இந்த விற்பனையையும் சொல்ல வேண்டும். மக்கள் ஒரு பொருளை ஏன் விட்டார்கள் என்பது அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சற்றும் குறையாத மரபுச் செய்தி. அதைச் சொன்ன இடங்களில்தான் பிரெத்தானியின் அருங்காட்சியகங்கள் உயர்ந்து நிற்கின்றன. சொல்லாத இடங்களில் அழகான தபால் அட்டையாகச் சுருங்கிவிடுகின்றன.

ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்களால் பெயர் பெற்ற நிலம் பிரெத்தானி. அவர்கள் கொண்டுவந்த பிரெத்தோன் மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சு அல்ல, வேல்ஸ் மொழி. 1532-இல் பிரெஞ்சு முடியாட்சியோடு சேர்க்கப்படும்வரை இந்நிலம் தனிச் சிற்றரசாக இருந்தது. நமக்கும் இதற்கும் ஒரு பழைய கடல்வழித் தொடர்பு உண்டு. 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே, பிரெத்தானியின் சென் மாலோ துறைமுகத்தில் பிறந்தவர். புதுச்சேரியில் துணி ஏற்றிய பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் சரக்கிறக்கிய லொரியான் துறைமுகமும் இங்கேதான் இருக்கிறது. உலகத்தோடு இவ்வளவு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நிலத்தை, காலமே நுழையாத மூலை என்று பாரிஸ் நகரம் நெடுங்காலம் பார்த்ததுதான் விந்தை. அந்தப் பார்வையை உருவாக்கியதில் அருங்காட்சியகங்களுக்கும் பங்கு உண்டு.

தென்மேற்குப் பிரெத்தானியின் கேம்பேர் நகரத்து அருங்காட்சியகத்தை 1846-இல் தொடங்கியது ஒரு தொல்லியல் சங்கம். இன்று அது பேராலயத்தை ஒட்டிய பழைய ஆயர் மாளிகையில் இருக்கிறது. 1880களில் அந்நகரில் ஒரு கல்யாணக் காட்சி அமைத்தார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் உடைகளை உடுத்திய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆளுயரப் பொம்மைகள் அதில் நின்றன. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். அந்த உடைகளைச் சேகரித்து வைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்; அவர்கள் முனையாவிட்டால் பலவும் கந்தலாகிப் போயிருக்கும். இருந்தாலும் அந்தக் காட்சியில் ஒரு பொய் ஒளிந்திருந்தது. வெவ்வேறு ஊர்களின் உடைகள் ஒரே பந்தியில் கூடும் கல்யாணம் நிஜத்தில் எங்கும் நடந்ததில்லை. அங்கே யாரும் வேலை செய்யவில்லை, யாருக்கும் கடன் இல்லை, யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. கேம்பேருக்கு 1863-இல் ரயில் வந்துவிட்டது. அதே ரயில் பாரிஸிலிருந்து ஓவியர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் இங்கே இறக்கியது. இங்கிருந்து ஏழை வீட்டுப் பெண்களைப் பாரிஸ் பணக்காரர் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக ஏற்றிச் சென்றது. 1886-இல் போன் தாவேன் கிராமத்துக்கு வந்த ஓவியர் கோகேன், வெண்ணிறத் தலையணியோடு தொழும் பெண்களை வரைந்து புகழ் பெற்றார். அந்தப் பெண்களின் தங்கைமார் மோன்பார்னாஸ் ரயில் நிலையத்தில் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணக் காட்சியில் ஓவியர்கள் கண்ட பாதி இருந்தது. ரயிலேறிப் போன பாதி இல்லை.

விட்டுப்போன பாதியைப் பாரிஸ் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. 1905-இல் சிறுமிகளுக்கான ஒரு வார இதழில் பெக்காசின் என்ற படக்கதைப் பாத்திரம் பிறந்தது. பச்சை கவுன், வெள்ளைத் தலையணி, வெள்ளந்தியான மனம் கொண்ட பிரெத்தோன் வேலைக்காரி. முகத்தில் பெரும்பாலும் வாய் வரையப்படுவதே இல்லை. பல தலைமுறைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குப் பிரெத்தோன் பெண் என்றால் அவள்தான். 1939-இல் பாரிஸின் கிரெவேன் மெழுகுப் பொம்மைக் கூடத்தில் பெக்காசினின் உருவத்தை வைத்தபோது, பிரெத்தோன் தேசியவாதிகள் மூவர் உள்ளே புகுந்து அதை உடைத்து நொறுக்கினார்கள். கேம்பேரின் கல்யாணப் பொம்மைகளும் இந்த மெழுகுப் பொம்மையும் ஒன்றல்ல. முதலாவது மரியாதையில் பிறந்தது, இரண்டாவது ஏளனத்தில். ஆனாலும் ஆளை நீக்கி உடையை மட்டும் நிறுத்துவதில் இரண்டும் ஒரே வழியில்தான் நடந்தன. உடைக்குப் பின்னாலிருக்கும் மனுஷியின் உழைப்பும் முடிவுகளும் வெளியே நின்றுவிட்டால், மரியாதை எந்த நொடியிலும் ஏளனமாகச் சரியலாம்.

இதற்கு மாற்று வழி ஒன்று பிரெத்தானியிலேயே, அதுவும் அதன் மேற்கு எல்லையில், கடலுக்குள் கிடக்கும் உவெஸ்ஸான் தீவில் பிறந்தது. கரையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், புயலும் பாறையும் சூழ்ந்த சிறு தீவு அது. பாரிஸில் 1937-இல் நாட்டார் கலை, மரபுகளுக்கான தேசிய அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஆன்ரி ரிவியேரின் வழிகாட்டலில், 1968-இல் இத்தீவின் நியு உஎல்லா குக்கிராமத்தில் இரண்டு பழைய வீடுகள் நின்ற இடத்திலேயே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. வாழ்ந்த இடத்தையும் வாழ்க்கையையும் பிரிக்காமல் காக்கும் இத்தகைய அமைப்புக்குச் ‘சூழல் அருங்காட்சியகம்’ என்ற பெயர் 1971-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. பெயர் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட பிள்ளை இது. பிரான்ஸின் முதல் சூழல் அருங்காட்சியகம் என்று இதையே பலரும் சொல்கிறார்கள்.

அந்த வீட்டுக்குள் காரணங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. தீவில் மரம் அநேகமாக இல்லை. ஆகவே மேசை, கட்டில், பெட்டகம் எல்லாம் உடைந்த கப்பல்களிலிருந்து கரையொதுங்கிய பலகைகளால் ஆனவை. பல மரங்கள் கலந்ததால் நிறம் ஒவ்வாது. அதை மறைக்க வண்ணம் பூசினார்கள், பெரும்பாலும் நீலமும் வெள்ளையும். உள்ளே சுவரே கிடையாது. கப்பலின் உட்புறம்போல் கட்டில்களையும் அலமாரிகளையும் அடுக்கியே வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் அடுப்பும் அன்றாடப் புழக்கமும். மறுபக்கம் விருந்தினருக்கான ‘அழகுப் பக்கம்’. தொலைதூரத் துறைமுகங்களிலிருந்து கணவர்கள் வாங்கிவந்த பீங்கான் அங்கே வரிசையாக இருக்கும். விறகு இல்லாததால் புல்லும் வேருமாகத் தரையிலிருந்து வெட்டியெடுத்த மண்கட்டிகளை எரித்தார்கள். ஆட்டிறைச்சிச் சட்டியை அந்தக் கட்டிகளுக்குள் புதைத்து மணிக்கணக்கில் வேகவைக்கும் சமையல் இன்றும் தீவின் பெருமை. ஆண்கள் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் ஆண்டுக்கணக்கில் வெளியே இருக்க, துண்டு துண்டான நிலத்தை மண்வெட்டியால் கொத்தி விளைவித்தவர்கள் பெண்கள். இத்தனையும் வழிகாட்டி விளக்காமலே தெரியும். பலகையின் நிறம் ஒவ்வாமை கப்பல் உடைந்த கதையைச் சொல்கிறது. பீங்கான் தட்டு வீட்டில் இல்லாத ஆணின் கதையைச் சொல்கிறது. இதே மேசையைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைத்தால் அது ‘நாட்டுப்புறக் கலைப்பொருள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும்.

ஒரு வழக்கத்தை மக்கள் விட்டதற்கான காரணத்தையும் இத்தீவு கற்றுத்தருகிறது. கடலில் இறந்தவனின் உடல் கிடைக்காதபோது ஒரு சிறு மெழுகுச் சிலுவையை அவன் உடலாகக் கொண்டு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். மறுநாள் அதைத் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்று அடக்கச் சடங்கு செய்வார்கள். ‘ப்ரொயெல்லா’ என்ற இந்தச் சடங்கு 1960களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. சிலுவைகளைச் சேர்த்துவைத்த சிறு கல்மாடம் லாம்போல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மரபு அழிந்ததே என்று இதற்காக வருந்துவது எளிது. ஆனால் கடலுக்குப் போகும் தொழிலைத் தீவின் இளைஞர்கள் விட்டதும், கப்பல் பயணம் முன்னைவிடப் பாதுகாப்பானதும் இந்தச் சடங்கின் தேவை குறைந்ததற்குக் காரணங்கள். தன் மகனுக்கு மெழுகுச் சிலுவை செய்ய வேண்டியிராத தாயிடம் போய் ‘உங்கள் மரபை இழந்துவிட்டீர்களே’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இழப்பும் விடுதலையும் ஒரே நூலில் கோத்துக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

தென்மேற்கே பிகூதென் வட்டாரத்துக்கு வந்தால் இதே வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று கிடைக்கிறது. போன் லபே நகரின் பழைய கோட்டையில் இயங்கும் பிகூதென் அருங்காட்சியகத்தின் அடையாளமே அந்த வட்டாரப் பெண்களின் தலையணிதான். கஞ்சி போட்டு நிமிர்த்திய வெள்ளை லேஸால் ஆன, குழாய் வடிவில் 30 செ.மீ.க்கு மேல் உயரும் தலையணி. பிரெத்தானி என்றதும் பிரெஞ்சுக்காரர் மனத்தில் எழும் படம் அதுவே. தொன்றுதொட்டு வருவது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது தலையை ஒட்டிய சிறு அணியாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில், இரண்டு உலகப் போர்களுக்கு இடையிலும் பிறகும்தான் அது இப்படி வளர்ந்தது. காரும் மின்சாரமும் வந்த காலத்தில் உயர்ந்த தலையணி அது. பாட்டியைவிடப் பேத்தியின் தலையணி உயரம். காரணம் மரபு அல்ல, ஃபேஷன். அந்தப் பெண்கள் தங்கள் காலத்தின் நாகரிகத்தைப் போட்டிபோட்டுக்கொண்டு உடுத்தினார்கள். அருங்காட்சியகம் தலையணிகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி வைத்தாலே போதும், ‘காலம் நுழையாத பிரெத்தானி’ என்ற கட்டுக்கதை தானாகவே உடைந்துவிடும். உடையிலுள்ள ஆரஞ்சும் மஞ்சளுமான பூத்தையலைச் செய்தவர்களும் நாம் நினைப்பதுபோல வீட்டுப் பாட்டிமார் அல்லர். அதைத் தொழிலாகக் கொண்ட ஆண் தையற்காரர்கள்.

அந்த லேஸின் கதை இன்னும் கூர்மையானது. 1902, 1903-ஆம் ஆண்டுகளில் இந்தக் கரையில் மத்தி மீன் வரத்து திடீரென நின்றது. மீனவர் குடும்பங்களும் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளை நம்பியிருந்த பெண்களும் பட்டினியில் விழுந்தார்கள். அப்போது உதவிக்கு வந்தவர்கள் அயர்லாந்து பாணிக் குரோஷா பின்னலைக் கற்றுக்கொடுத்து, பின்னியதை வெளியூர்களில் விற்கவும் ஏற்பாடு செய்தார்கள். இன்று ‘பிகூதென் மரபு லேஸ்’ என்று போற்றப்படும் பின்னலில் பெரும்பகுதி அந்தப் பஞ்சத்தின் குழந்தை. இதைச் சொல்வதால் லேஸின் அழகு குறைகிறதா? பசித்த விரல்கள் வெளியூர்க் கலை ஒன்றைக் கற்று, சில ஆண்டுகளில் தங்கள் ஊர் அடையாளமாகவே மாற்றிய திறமை அதைவிடப் பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன். அண்டையிலுள்ள துவார்னெனே துறைமுகத்தில் மத்தித் தொழிற்சாலைப் பெண்களை அவர்களின் சிறு தலையணியை வைத்தே ‘பென் சார்தின்’, அதாவது மத்தித் தலையர், என்று அழைத்தார்கள். மணிக்கு 0.80 ஃபிராங்க் கூலிக்கு மீன் வந்த நேரமெல்லாம், இரவென்றும் பாராமல், உழைத்த அவர்கள் 1924 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 1925 ஜனவரியில் மணிக்கு ஒரு ஃபிராங்க் கூலியை வென்றார்கள். அந்த ஊர்வலப் புகைப்படங்களில் தெரு நிறைய வெள்ளைத் தலையணிகள். கோகேன் வழிபாட்டில் கண்ட அணி, இங்கே தொழிற்சங்கத்தின் தலையில் இருக்கிறது.

சரி, பெட்டிக் கட்டிலை விற்றது ஏன்? பிகூதென் வட்டாரத்தின் ப்ளோசெவெ ஊரில் 1960களின் முற்பாதியில் மருத்துவர், மானிடவியலர், சமூகவியலர் எனப் பல துறையினர் கூடி ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். அதில் பங்கேற்ற சமூகவியலாளர் எட்கார் மொரேன் 1967-இல் வெளியிட்ட நூலில், ஊரை மாற்றிய முதன்மையான சக்தி பெண்களே என்று கண்டறிந்தார். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வேண்டும், வெளிச்சமான சமையலறை வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். இவை இல்லாத பண்ணை வீடுகளுக்கு வாழ்க்கைப்பட மறுத்தவர்களும் அவர்களே. கருத்துப்போன ஓக் மரச் சாமான்களின் இடத்தில் ஈரத்துணியால் ஒரே துடைப்பில் பளிச்சிடும் ஃபார்மைக்கா மேசை வந்தது. காசநோய் மலிந்த நாட்டில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் படுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தப் பெண்கள் ரசனை கெட்டவர்கள் அல்லர். அந்த ஓக் மரத்துக்கு எத்தனை ஆண்டுகள் மெழுகு தேய்க்க வேண்டும், மண்தரைச் சேற்றை எப்படிக் கூட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பெட்டிக் கட்டிலுக்கு அருகில் அந்த ஃபார்மைக்கா மேசையையும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டிலைச் செய்த தச்சனின் கைத்திறனுக்கு இணையானது, அதை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் துணிவு.

இதற்கு மறுப்புகள் உண்டு. எளிதில் தள்ள முடியாதவை. முதல் மறுப்பு, வறுமையையும் நோயையும் காட்சிக்கு வைப்பது அந்த மக்களை மறுபடி அவமானப்படுத்துவதாகாதா என்பது. பெக்காசினைச் சுமந்த மக்களுக்கு இந்த அச்சம் இயல்பு. ஆனால் பெக்காசின் புண்படுத்தியது வறுமையைக் காட்டியதால் அல்ல. அவளுக்கு வாயும் சொந்தப் புத்தியும் இல்லாததால். துவார்னெனே ஊர்வலப் படத்தைப் பார்த்து எந்தப் பிரெத்தோன் பெண்ணும் தலைகுனியமாட்டாள். காரணத்தோடும் முடிவோடும் சேர்த்துச் சொல்லப்படும் வறுமை ஒருவரையும் சிறுமைப்படுத்துவதில்லை. இரண்டாவது மறுப்பு பணம் சார்ந்தது: மக்கள் விடுமுறைக்கு வருவது அழகான தலையணியைப் பார்க்க, கூலிக் கணக்கைப் படிக்க அல்ல, நுழைவுச்சீட்டு விற்காவிட்டால் கட்டடத்தின் கூரையை யார் மாற்றுவது? நியாயமான கேள்விதான். ஆயினும் கப்பல் பலகை மேசையின் கதையைக் கேட்ட பயணி அதை மறப்பதில்லை. வெறும் வேலைப்பாடாகப் பார்த்த பத்துக் கட்டில்களும் அவர் நினைவில் ஒன்றாகக் குழம்பிவிடும். காரணம் சொல்வது வியாபாரத்துக்கும் எதிரியல்ல.

மூன்றாவது மறுப்பு பிரெத்தானிக்குள்ளிருந்தே எழுந்தது. பிகூதென் வட்டாரத்தில் பிறந்த பியேர் ஜாக்கெஸ் எலியாஸ், ஏழை விவசாயக் குடும்பத்து வாழ்வை ‘கர்வக் குதிரை’ என்ற தன்வரலாற்று நூலாக 1975-இல் பிரெஞ்சில் வெளியிட்டார். பிரான்ஸ் முழுவதும் அது பெருவாரியாக விற்றது. ஒரு தலைமுறையே அதைப் படித்துத் தன் பாட்டன் வீட்டைக் கண்டுகொண்டது. இரண்டே ஆண்டில் கவிஞர் ஸாவியே கிரால் ‘படுத்துவிட்ட குதிரை’ என்ற நூலால் பதிலடி கொடுத்தார். எலியாஸ் பிரெத்தானிக்கு இரங்கற்பா பாடுகிறார், அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது கிராலின் கோபம். அருங்காட்சியகங்கள் மீதும் இதே குற்றத்தைச் சாட்டலாம். கிராலின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இறந்ததை இறந்தது என்று குறிக்காமல் உயிரோடிருப்பதைப் பிரித்துக் காட்ட முடியாது. பெட்டிக் கட்டில் போய்விட்டது. இரவு நடனக் கூட்டங்களான ‘ஃபெஸ்ட் நோஸ்’ இன்றும் இளைஞர்களால் நிரம்புகின்றன, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றன. எது போனது, எது நின்றது, ஏன் என்று கேட்கும் அருங்காட்சியகம் கிராலுக்கும் துணையாகத்தான் இருக்கும்.

கடைசி மறுப்பே எல்லாவற்றிலும் கனமானது. அது மொழி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் பேசிய பிரெத்தோன் மொழியை இன்று பேசுவோர் ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கைக்கு இறங்கிவிட்டார்கள். அவர்களிலும் முதியோர் அதிகம். மொழி போன பின் மேசையைக் காப்பதில் என்ன பயன் என்று கேட்கிறார்கள். இங்கே என் வாதத்துக்கே ஒரு சோதனை வருகிறது. கட்டிலை விட்டதுபோல் மொழியையும் மக்கள் தாங்களாகவே விட்டார்கள் என்று சொல்லிவிடலாமா? பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் மட்டும் பேச முடிவெடுத்தது உண்மை. அந்த முடிவுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்பதும் உண்மை. பிரெத்தோன் பேசி அகப்பட்ட மாணவனின் கழுத்தில் மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ தொங்கவிடுவார்கள். பிரெத்தோன் பேசும் இன்னொரு பையனைக் காட்டிக்கொடுத்தால்தான் அது அவன் கழுத்தைவிட்டு இறங்கும். அந்தக் கட்டையை அணிந்த பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது எடுத்த முடிவை, ஃபார்மைக்கா மேசை வாங்கிய முடிவோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஏன் விட்டார்கள் என்ற கேள்வியை விடாமல் கேட்டால்தான் விரும்பி விட்டது எது, வதைத்து விடவைத்தது எது என்று பிரியும்.

பிரெஞ்சு அரசு இப்படிப் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை என்றே தோன்றுகிறது. 2008-இல் அரசியலமைப்பில் சேர்த்த 75-1ஆம் பிரிவு, வட்டார மொழிகளைப் பிரான்ஸின் மரபுச்செல்வம் என்று அறிவித்தது. ஆனால் 2021 மே மாதம், எல்லாப் பாடங்களையும் வட்டார மொழியிலேயே கற்பிக்கும் முறைக்குச் சட்ட இடம் தர நாடாளுமன்றம் ஏற்ற விதியை அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்தது. 1977 முதல் பெற்றோரின் முயற்சியில் வளர்ந்த பிரெத்தோன் வழித் திவான் பள்ளிகள் நடப்பது இந்த முறையில்தான். மொழிக்கு மரபுச்செல்வம் என்ற பட்டம் கிடைத்தது, வகுப்பறை உறுதியாகவில்லை. அருங்காட்சியகம் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. ஆனால் அந்த மரக்கட்டை எந்தப் பள்ளியிலிருந்து வந்தது, எந்த ஆண்டுவரை பிள்ளைகளின் கழுத்தில் தொங்கியது, அணிந்தவர்கள் பின்னாளில் தங்கள் பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசினார்கள் என்பதைத் தேடிப் பதிவுசெய்து, பிரெத்தோனிலும் பிரெஞ்சிலும் எழுதிவைக்க அதனால் முடியும். அணிந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வேலைக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் மிகக் குறைவு.